சக்கரபாணியின் நூறு வாட்ஸ் பெட்டி

"எல்லாம் கேட்டுச்சு மாப்ள. ஆம்பளப் பாட்டு, பொம்பளப் பாட்டு, தபேலா, ஏன், நடுவுல ஒருத்தன் தும்முனானே, அதுகூடக் கேட்டுச்சு. உன் கிட்டாரு மட்டும் கேக்கல. மேடைக்குத்தான் போனியா, இல்ல டீக்கடையில உக்காந்துட்டியா?"

பட்டறை வாசலில், ஜன்னல் கம்பிக்கு அளவு கொடுக்க வந்தவர்கள் முன்னால், சக்கரபாணியை இப்படிக் கேட்டவர் அவருடைய மச்சான் ராஜமாணிக்கம். மனைவி பொன்னிக்கு அண்ணன். அடி அண்ணாமலையில் நிலம் வைத்திருந்தார். எந்தக் கச்சேரிக்கும் நேரில் வரமாட்டார். தன் நிலத்து மோட்டார் கொட்டகைப் படியில் உட்கார்ந்துகொண்டு, ஊர்க் கோவில் மரத்தில் கட்டிய குழாய் ஸ்பீக்கரிலிருந்து வருவதை மட்டும் கேட்பார். மறுநாள் சைக்கிளில் வந்து தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போவார்.

சக்கரபாணிக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. கோபப்பட அவருக்கு உரிமை இருந்தது. கீழ்பென்னாத்தூரில் மூணாவது வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர். வெறுங்கையோடு திருவண்ணாமலைக்கு வந்து, கண்ணெரிய வெல்டிங் கற்று, செங்கம் சாலையில் சொந்தப் பட்டறை போட்டவர். எவன் கையும் பிடித்து மேலே வரவில்லை. ஊரில் கதவு, ஜன்னல், மாடிப்படிக் கைப்பிடி என்று எதைத் தொட்டாலும் அதில் அவர் பற்றவைத்த மூட்டு இருக்கும். கிட்டாரையும் அப்படித்தான் கற்றார். வேலூரில் ஒரு கல்யாணத்தில் ஒருவன் வாசித்ததைப் பார்த்தார். பழைய கிட்டார் ஒன்றைத் தேடிப் பிடித்தார். காதால் கேட்டதை விரலால் பிடித்தார். 'தீபம் மெல்லிசைக் குழு' என்று பலகை எழுதி மாட்டியவரும் அவரேதான். படித்தவன் எவனுக்காவது இந்தத் துணிச்சல் வருமா?

அப்படிப்பட்டவருடைய கிட்டார் குழாயில் கேட்கவில்லை என்றால் அது சடையன் செய்த சதி. சடையன் மைக் செட் வைத்திருந்தான். குழுவுக்கு எப்போதும் அவன்தான் ஒலிபெருக்கி. அவனிடம் கொஞ்சம் மைக்குகள்தான் உண்டு. பாடுகிறவர்களுக்கு, தபேலாவுக்கு, புல்லாங்குழலுக்கு என்று பிரித்துக் கொடுத்துவிடுவான். கிட்டாருக்குக் கேட்டால் கையை விரிப்பான்.

"உனுக்குத்தான் சொந்தமா ஸ்பீக்கர் பெட்டி கீதே. அதுல வாசி."

"அது மேடையோட நின்னுடுதுடா. உன் குழாய்க்கு வரலியே!"

"அப்ப பெரிய பெட்டியா வாங்கு. என் உசுர ஏன் வாங்குற?"

வாங்கத்தான் போகிறேன் என்று சக்கரபாணி அன்றே மனதுக்குள் சபதம் போட்டார். மச்சான் காது கிழியவேண்டும். அது ஒன்றுதான் குறி.

மதராஸில் வாத்தியக் கடைக்காரர் மூக்குக்கண்ணாடி வழியாக அவரை மேலும் கீழும் பார்த்தார். "எங்க வாசிப்பீங்க?"

"திருவிழா, கல்யாணம். பொட்டல்ல."

"மைக் செட் வருதுங்களா?"

"வருது."

கடைக்காரர் சாப்பாட்டுக் கூடை அளவில் ஒரு சிறிய பெட்டியை எடுத்து வைத்தார். "இது போதுங்க. முன்னாடி ஒரு மைக் வெச்சிட்டீங்கன்னா குழாய் பாத்துக்கும். பெட்டி கத்தவேண்டியதில்ல."

சக்கரபாணிக்குச் சுருக்கென்றது. கையில் வெல்டிங் தழும்பைப் பார்த்துவிட்டுத்தான் சின்னதைக் காட்டுகிறான் என்று நினைத்தார். மூலையில் பீரோ மாதிரி நின்ற பெட்டியைக் கைநீட்டிக் காட்டினார். "அது இன்னா?"

"நூறு வாட்ஸ். உங்களுக்கு அது ஜாஸ்தி."

"ஜாஸ்தியா கம்மியான்னு நான் சொல்றேன். எடுத்து வையி."

கடைக்குள் கம்பியைத் தட்டியதும் அலமாரிக் கண்ணாடி அதிர்ந்தது. அதற்குமேல் யோசிக்க என்ன இருக்கிறது? பஸ் கூரையில் ஏற்றமாட்டேன் என்று கண்டக்டரோடு சண்டை பிடித்தார். பெட்டிக்கு ஒரு டிக்கெட் வாங்கி ஜன்னலோரம் உட்கார வைத்து, திண்டிவனம் வரை தான் நின்றுகொண்டே வந்தார்.

எண்பத்தொன்றாம் வருஷம் ஆடி மாதம். அடி அண்ணாமலையில் அம்மன் கோவில் திருவிழா. மச்சானின் நிலம் கூப்பிடு தூரம். பொழுது சாயும் முன்பே சக்கரபாணி மேடையில் ஏறி, தானே பற்றவைத்த இரும்பு நாற்காலியின்மேல் பெட்டியை நடுநாயகமாக வைத்தார். சடையன் புளியமரத்தில் குழாய் கட்டிக்கொண்டிருந்தான்.

"அண்ணே, பூதத்தக் கூட்டினு வந்துட்டியா?"

"உன் மைக்க நீயே வெச்சிக்கடா. பிச்ச கேக்குற காலம் போச்சு."

அந்தக் கோவிலில் ஒரு வழக்கம் உண்டு. மேடை அம்மனைப் பார்த்துத்தான் போடுவார்கள். கச்சேரியை அம்மனும் பார்க்கவேண்டும், மறைக்கக் கூடாது. அதனால் மேடையிலிருந்து கருவறை வரைக்கும் ஒரு மாட்டுவண்டி போகிற அகலத்துக்கு நடுவில் ஒரு குஞ்சும் உட்காராது. ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் மறு பக்கம். எத்தனையோ தடவை அங்கே வாசித்தவர்தான் சக்கரபாணி. ஆனாலும் அந்த வழியைப் பற்றி அவர் யோசித்ததே இல்லை.

பாட்டு தொடங்கியது. சக்கரபாணி குமிழைத் திருகினார், கம்பியை வெளுத்தார். மேடைப் பலகை அதிர்ந்தது. பாடகி ரேணுகாம்பாள் காதில் விரலை விட்டுக்கொண்டு சுருதியைத் தொலைத்தாள். தன் குரலே கேட்கவில்லை என்று சைகை காட்டினாள். சடையன் அவள் மைக்கை ஏற்றினான். அதற்குள் கிட்டார் சத்தமும் புகுந்து, புளியமரம் ஊளையிட்டது. நாய்கள் பதில் கொடுத்தன.

ஆண்கள் பக்கத்திலிருந்து ஒருவன் எழுந்தான். "கிட்டாரு எங்க? மூட்டைய உதறுற மாதிரி தும்முதும்முங்குது, அவ்ளோதான்!"

பெண்கள் பக்கத்திலும் அதே புகார். அதே நேரம் காலியான நடுவழியில் பூசாரி ஆதிமூலம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடிவந்தார்.

"யோவ், நிறுத்துயா! உள்ள நிக்க முடியல. தொங்குவிளக்கு ஆடுது. அம்மன் காதாண்ட பம்பு செட்டு ஓட்றியா?"

சடையன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "அண்ணே, பெட்டி பாக்குற பக்கம்தான் சத்தம் போவும். நேரா அம்மனுக்குப் போவுது. சனங்க ஓரத்துல கெடக்குறாங்க."

சக்கரபாணி பெட்டியை ஆண்கள் பக்கம் திருப்பினார். பெண்கள் கூச்சல் போட்டார்கள். பெண்கள் பக்கம் திருப்பினார். ஆண்கள் விசிலடித்தார்கள். "ரெண்டு பக்கமும் திருப்பிக்கினே இருக்க அதுக்கு இன்னா கழுத்தா?" என்று எவனோ கேட்டான். கூட்டம் கொல்லென்று சிரித்தது. எங்கோ இருட்டில் படிக்கட்டில் உட்கார்ந்திருக்கிற மச்சானுக்கு இந்தச் சிரிப்பு மட்டும் குழாயில் போய்ச் சேர்ந்திருக்கும். அதை நினைத்ததும் சக்கரபாணிக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

மூக்குக்கண்ணாடிக்காரன் சொன்னது அப்போதுதான் ஞாபகம் வந்தது. சடையன்மேல் இருந்த கோபம்கூட அவன்மேல் வந்த கோபத்துக்கு ஈடில்லை. சரியாகச் சொல்லித் தொலைத்தவனை எப்படி மன்னிப்பது?

மேடை ஓரத்தில் ஒரு மைக் சும்மா நின்றது. விழாக் குழுத் தலைவர் ராமதாஸ் நன்கொடை கொடுத்தவர்களின் பெயரை வாசிப்பதற்காக ஒதுக்கியது. சக்கரபாணி போய் அதைத் தாங்கியோடு பிடுங்கினார்.

"ஏ, ஏ! அது என் மைக்குயா!" என்று ராமதாஸ் பாய்ந்தார். "பேரு வாசிக்கலன்னா குடுத்தவன் எல்லாம் என்ன உரிச்சிடுவான்!"

"நீங்க கத்தினாலே ஊருக்குக் கேக்கும் தலைவரே. மைக் எதுக்கு? வேணும்னா இந்த வருசம் வாசிக்கிற கூலிய நன்கொடைன்னு எழுதிக்குங்க. மொதப் பேரா என் பேரக் கத்துங்க."

இழுபறியில் ராமதாஸின் தோள்துண்டு சக்கரபாணியின் கைக்கு வந்துவிட்டது. அந்தத் துண்டாலேயே மைக்கைப் பெட்டியின் முகத்தில் வைத்துக் கட்டினார். முடிச்சைப் பல்லால் இழுத்தார்.

"சத்தத்தக் கம்மி பண்ணு," என்றான் சடையன்.

"பண்ணிட்டேன்."

"இன்னும் கம்மி பண்ணு."

"இதுக்கா இவ்ளோ பெரிசு வாங்கினேன்?"

"அத்த நீதான் சொல்லணும். கம்மி பண்ணுண்ணே. கத்துறதுக்கு என்கிட்ட மரம் கீது."

பல்லைக் கடித்துக்கொண்டு குமிழை இறக்கினார். பீரோ மாதிரிப் பெட்டி டிரான்சிஸ்டர் ரேடியோ மாதிரி முனகியது. அவமானமாக இருந்தது. ஆனால் விரலைக் கம்பியில் வைத்ததும் புளியமரம் பேசியது. எதிரே ஆலமரத்தில் கட்டிய குழாயும் பேசியது. சத்தம் வயலுக்குமேல் போய், மலையில் மோதித் திரும்பிவந்தது. ரேணுகாம்பாள் காதிலிருந்து விரலை எடுத்தாள். ஆதிமூலம் உள்ளே போய்விட்டார். பாட்டு முடிந்தபோது இரண்டு பக்கமும் கைதட்டியது. ராமதாஸ் மட்டும் துண்டில்லாமல் நின்று முறைத்தார்.

அடுத்த பாட்டுக்கு முன்னால் சைக்கிள் மணி கேட்டது. யாரும் மிதிக்காத நடுவழியில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ராஜமாணிக்கம் வந்துகொண்டிருந்தார். வாழ்நாளில் முதல்முறையாக ஒரு கச்சேரிக்கு நேரில் வந்திருக்கிறார். காலில் வாய்க்கால் சேறு. சக்கரபாணி நெஞ்சை நிமிர்த்தி மேடை விளிம்புக்கு வந்தார்.

"இன்னா மச்சான், கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

"நல்லாக் கேட்டுச்சா?"

"நல்லாவே கேட்டுச்சு மாப்ள. அதான் ஓடியாந்தேன்." ராஜமாணிக்கம் சைக்கிளுக்கு ஸ்டாண்டு போட்டார். "ஒரு கம்பி சுருதி எறங்கிக் கெடக்குது. தடிச்சதும் இல்ல, மெலிசும் இல்ல, நடுவுல ஒண்ணு. இத்தினி நாளா இப்படித்தான் வாசிக்கிறியா? நல்ல வேள, கேக்காம இருந்துச்சு."

சக்கரபாணி விருட்டென்று திரும்பினார். போய்க் கிட்டாரை மாட்டினார். மூன்றாவது கம்பியைத் தட்டிப் பார்த்தார். இறங்கித்தான் கிடந்தது. மைக் கட்டிக் கிடக்கிறது என்ற நினைப்பே இல்லாமல் முறுக்கினார். டொய்ங் என்றது. புளியமரம் டொய்ங் என்றது, ஆலமரம் டொய்ங் என்றது, மலையும் டொய்ங் என்றது.

"இது எந்தப் பாட்டு?" என்று பெண்கள் பக்கத்தில் ஒருத்தி கேட்டாள்.

அவர் மச்சானை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. முகம் அடுப்புபோல் சிவந்திருந்தது. மறுபடி முறுக்கினார், மறுபடி தட்டினார், ஊரே கேட்க.

"இப்ப?"

ராஜமாணிக்கம் தலையைச் சாய்த்துக் கேட்டார். சேற்றுக்காலை இன்னொரு காலில் தேய்த்துக்கொண்டார்.

"இன்னும் ஒரு சுத்து," என்றார்.