குரல் வராமல் கரண்ட் விடாதே

கரண்ட் ஆபீஸில் நான் ஒரு நாளும் வேலை பார்த்ததில்லை. எழுத்தைக் கூட்டித்தான் படிப்பேன். ஆனால் இஞ்சினியர் பெண்டாட்டியாக, வீட்டுப் போனை அவர் ரிட்டையர் ஆகும்வரை எடுத்தவள் நான். கரண்ட் வேலைக்குப் புதிதாகப் போகிற பிள்ளைகளுக்காக இதைச் சொல்லுகிறேன்.

சாரல்

குற்றாலத்தில் சாரல் விழுந்தால் ஊரே சந்தோஷப்படும். நான் போன் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்வேன். காற்றில் கிளை ஒடியும், கம்பி அறும், அவர் சாப்பிட்ட கையோடு கிளம்பிவிடுவார். பிள்ளைகள் இரண்டு பேருக்கும் காலையில் இரட்டைச் சடை பின்னிவிடுவது அவர்தான். கம்பி முறுக்குகிற கை. பின்னினால் ராத்திரி வரைக்கும் சடை அவிழாது. அந்தக் கை சாயங்காலம் வீடு திரும்புமா என்று நான் வாசலையே பார்த்திருப்பேன்.

கல்யாணமான புதிதில் எனக்கு அவர் சொல்லிக்கொடுத்த முதல் பாடம் லைன் கிளியர். லைனில் வேலை பார்க்கப் போகிறவர் சப்ஸ்டேஷனில் சொல்லிக் கரண்டை நிறுத்துவார்; அதுதான் லைன் கிளியர் வாங்குவது. வேலை முடிந்து, காப்புக்காகக் கம்பியில் மாட்டின எர்த்தையும் எடுத்துவிட்டு ஆள் இறங்கியதும், வாங்கின அதே ஆள்தான் தன் குரலில் அதைத் திருப்பித் தரவேண்டும். அண்ணன் தம்பி சொன்னாலும் செல்லாது. வீட்டில் பல்பு மாற்றக்கூட என்னிடம் லைன் கிளியர் வாங்குவார்.

"ஏட்டி, சுவிட்சுகிட்ட நில்லு. நான் சொல்லாம கைய வைக்காத."

"ஒரு பல்புக்கா இந்தப் பாடு?"

"ஒரு பல்புல செத்தவன நான் பாத்திருக்கேன். நில்லு."

மின்விசிறி

ஒரு ஆடி மாதம், ஐந்தருவிப் பக்கம் மரம் சாய்ந்து கம்பி அறுந்தது. அப்போது செல்போன் கிடையாது. மத்தியானம் ஜீப் மட்டும் வீட்டுக்கு வந்தது. சோறும் மாற்றுச் சட்டையும் வாங்கிப்போக டிரைவர் வந்திருந்தார்.

"சார் கீழ நிக்காக. மாடசாமி கம்பத்து மேல இருக்கான்" என்றார். மாடசாமி இவருடைய லைன்மேன். ஜீப் புறப்பட்டுப் போனது.

கொஞ்ச நேரத்தில் போன் அடித்தது. சப்ஸ்டேஷன் ஆபரேட்டர்.

"அம்மா, சார் வீட்டுக்கு வந்துட்டாகளா? ஜீப் உங்க தெருவுக்குள்ள போனத யாரோ பாத்திருக்காக. வேல முடிஞ்சிட்டு, லைனப் போடுன்னு பெரிய ஆபீசர் நெருக்குதாரு."

"ஜீப்பு சோறு வாங்க வந்துச்சு. அவுக வரலய்யா. மாடசாமி இன்னும் மேல இருக்கானாம்."

பெரிய ஆபீசரே போனை வாங்கிக்கொண்டார்.

"ஜீப் வந்தா ஆள் வந்த மாதிரிதானம்மா? சீசன் நேரம், குற்றாலம் பூரா இருட்டாக் கெடக்கு. லாட்ஜ்காரன் எல்லாம் என் தலையத் திங்கான்."

"அவுக குரல் வராம நீங்க எதையும் போடக்கூடாதுய்யா."

"உங்களுக்கு என்னம்மா தெரியும்?"

"எனக்கு ஒண்ணும் தெரியாது. அவுக குரல் தெரியும்."

போனை வைத்துவிட்டார். கேட்டாரா கேட்கவில்லையா, தெரியாது.

எங்கள் வீட்டுக்கும் அதே லைன்தான். கூடத்து மின்விசிறிக்குக் கீழே போய் நின்றேன். அது சுற்றினால் லைனில் கரண்ட் வந்துவிட்டது என்று அர்த்தம். அடுத்த வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள்.

"ஏ மதினி, அண்ணாச்சிகிட்டச் சொல்லிக் கரண்ட விடச் சொல்லப்பிடாதா? மாவு அரைக்கணும்."

"இப்ப வரவேண்டாம்ட்டி" என்றேன். என் முகத்தைப் பார்த்து அவள் போய்விட்டாள்.

சாமி, இது சுற்றக்கூடாது என்று அண்ணாந்தபடியே நின்றேன். கழுத்து இற்றுப்போனது. மாடசாமி பெண்டாட்டி அப்போது மாசமாக இருந்தாள். மனசு எதையெல்லாமோ நினைத்தது.

மின்விசிறி மெதுவாக அசைந்தது. பிறகு சுற்றியது. தெருவில் எல்லோரும் சிரிக்கிற சத்தம் கேட்டது. நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். அவர் குரலுக்குப் பிறகு வந்த கரண்டா, ஆபீசர் அவசரத்தில் வந்த கரண்டா?

போன் அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. எடுத்தேன்.

"இறங்கியாச்சு ஏட்டி. மாடசாமி டீ குடிக்கான். டீக்கடைப் போன்லதான் பேசுதேன்."

போனை வைத்துவிட்டு மின்விசிறியை இன்னொரு தடவை அண்ணாந்து பார்த்தேன். இவர் குரல் வரும்வரை ஆபரேட்டர் சுவிட்சைத் தொடமாட்டேன் என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றாராம். பிறகுதான் தெரிந்தது.

திருப்பித் தந்தது

அதன்பிறகு இவர் பிள்ளைகளைக் கரையேற்றினார், பேரன் பேத்தி எடுத்தார். போன வருஷச் சாரலில் படுத்தார். டாக்டர் கையை விரித்துவிட்டார். ஞாபகம் தப்பியும் பயம் மட்டும் அவரை விடவில்லை. காற்று அடித்தால் எழப் பார்ப்பார்.

"லைன் கிளியர் எங்கிட்ட இருக்கு. மாடசாமி மேல இருக்கான்."

"அவன் இறங்கிட்டான்ங்க."

"நீ சொன்னா ஆச்சா? அவன் சொல்லணும்."

தூக்கமில்லை, தண்ணீர் இறங்கவில்லை. ஆலங்குளத்தில் மகன் வீட்டிலிருந்த மாடசாமிக்கு மகளை விட்டுப் போன் போடச் சொன்னேன். முழங்கால் வலியோடு பஸ் ஏறி வந்தார். கட்டிலருகே நின்று இவர் கையைப் பிடித்தார்.

"சார், மாடசாமி. கீழ நிக்கேன்."

"எர்த்த எடுத்துட்டியாலே?"

"எடுத்துட்டேன் சார்."

"கூட வந்தவனுக?"

"எல்லாரும் கீழதான் சார். நீங்கதான் பாக்கி."

இவர் முகம் தெளிந்தது. என் பக்கம் திரும்பினார்.

"லைன் கிளியர் திருப்பித் தாரேன். வாங்கிக்கோ."

காலமெல்லாம் இந்த வார்த்தைக்குத்தான் காத்திருந்தேன். அன்றைக்கு வாங்க வாய் வரவில்லை. அதைப் பிடித்துக்கொண்டுதான் இவர் இருக்கிறார் என்று எனக்குத் தெரியும். வாங்கிவிட்டால் போய்விடுவார்.

மாடசாமி மெல்லச் சொன்னார். "வாங்கிக்கோங்கம்மா. சார் எவ்வளவு நேரம் நிப்பாக?"

"வாங்கிட்டேன்ங்க" என்றேன்.

கண்ணை மூடித் தூங்கினார். மறுநாள் காலை அந்தக் கை சில்லிட்டிருந்தது.

பிள்ளைகளே, எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். ஜீப்பைப் பார்த்து ஆளைக் கணக்குப் பண்ணாதீர்கள். குரலுக்குக் காத்திருங்கள். குரல் வந்தால், எவ்வளவு பயமாக இருந்தாலும் வாங்கிக்கொள்ளுங்கள்.

இப்போது கூடத்தில் பல்பு போனால் மகள் மாற்றுகிறாள். நான் சுவிட்ச் பக்கத்தில் நிற்கிறேன். "இறங்கிட்டேன்ம்மா" என்று அவள் சொல்லும்வரை அதில் கை வைப்பதில்லை.