சாய்கிற கோழியோடு வந்தவர்

ஆந்திராவுக்கும் மெட்ராஸுக்கும் எல்லை பிரித்த சமயத்தில் நான் ஆந்திரப் பக்கம் நின்ற புத்தூரில் ஒரு கால்நடை மருந்தகத்தில் குமாஸ்தாவாக இருந்தேன். ஒட்டிய கன்னமும் அழுக்குத் தலைப்பாகையுமாக ஒரு விவசாயி வந்தார். கழுத்து முறுக்கிக்கொண்டு, நிற்க முடியாமல் சாயும் பெட்டைக் கோழியை இரு உள்ளங்கைகளாலும் தாங்கியிருந்தார்.

"உங்க ஊர் மெட்ராஸுக்குப் போவுது. அங்க காட்டுங்க," என்றேன். ஊர் மாற இன்னும் சில வாரங்கள் இருந்தன.

"அங்க போனா, நீ இன்னும் ஆந்திராதானேன்னு தொரத்துறான்! நாலு நாளா கேவுருக் கூழை நான் ஊட்டுனாத்தான் துன்னுது. ஆந்திரா, மெட்ராஸ்னா இதுக்கு இன்னா சார் தெரியும்?"

ஆத்திரத்தில் ஒரு கையை நீட்டினார். கோழி மேசைமேல் சாய்ந்தது. திட்டுவதை நிறுத்தி, அதை நிமிர்த்தி, கழுத்தைத் தடவிவிட்டு, மறுபடி தொடங்கினார்.

"ரெண்டு கை கீதே உனக்கு, எதுக்கு?"

"மெட்ராஸுக்குப் போற ஊருக்கு இங்க மருந்து தரக் கூடாது. சட்டம் அப்படி," என்றேன்.

அப்படி எந்தச் சட்டமும் இல்லை. யாரும் எனக்கு உத்தரவிடவும் இல்லை. படித்தவன் என்ற திமிரில் நானாகச் சொன்ன பொய் அது. மருந்து என் முதுகுக்குப் பின்னால் அலமாரியில் இருந்தது.

அவர் கோழியிடமிருந்து கையை எடுக்காமல், தோளால் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே போனார். எழுந்து அந்தக் கதவையாவது நான் திறந்துவிட்டிருக்கலாம்.