முதுகைக் காட்டி வாசித்த சாச்சா

சென்ற மாதம் ஓர் இளைஞன் எங்கள் வீட்டுக் கதவைத் தட்டினான். தோள்வரை மயிர், கையில் ஒலிப்பதிவுக் கருவி. அந்தக் காலத்தில் இந்த நாட்டில் ரொக் இசை வாசித்தவர்களைப் பற்றி எழுதுகிறானாம்.

"உங்க சாச்சா கிட்டார் மட்டும் தனியா வாசிக்கிற இடம் வந்தா, சனங்களுக்கு முதுகக் காட்டித் திரும்பி நிப்பாராமே. அதுல என்ன தத்துவம்?" என்று கேட்டான். கண்டியிலும் மாத்தளையிலும் எத்தனையோ பையன்கள் அதைப் பார்த்துத் தாங்களும் திரும்பி நின்று வாசித்தார்களாம்.

தத்துவமாவது மண்ணாங்கட்டியாவது! கூட்டத்தில் மாத்தளைக்காரர் யாராவது இருந்து, முகத்தைக் கண்டுகொண்டு, வாப்பாவிடம் வந்து வத்தி வைத்துவிடுவார்கள் என்ற பயம். அவ்வளவுதான்.

வாப்பா என் தகப்பனார். சாச்சா அவருடைய ஒரே தம்பி, பதினாறு வயது இளையவர். பாட்டனார் மௌத்தானபோது சாச்சா தவழ்கிற பிள்ளை. வாப்பாதான் தூக்கி வளர்த்தார். மாத்தளை நகரில் எங்களுக்கு மிளகும் ஏலக்காயும் கறாம்பும் வாங்கி விற்கும் கடை. முன்னால் கடை, அதன் பின்னால் சரக்கறை, அதற்கும் பின்னால் நாங்கள்.

வாப்பா இசைக்கு எதிரி என்று நினைத்துவிடாதீர்கள். ரேடியோ பாடாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. ஆனால் கேட்பது வேறு, வாசிப்பது வேறு என்பது அவருடைய சட்டம். "பாட்டு கேக்கிறவன் கடைய நடத்துவான், வாசிக்கிறவன் கடைய விப்பான்" என்பார். சாச்சா முதன்முதலில் ஒரு மின்சாரக் கிட்டாரோடு வாசலில் வந்து நின்ற அன்று, "இந்த வூட்டுல ஒண்டு அது இரிக்கணும், இல்லாட்டி நீ இரிக்கணும்" என்று சொல்லிவிட்டாராம். மறுநாள் அதை விற்றுவிட்டதாகச் சாச்சா சொன்னார். வாப்பா நம்பினார்.

நானும் நம்பியிருப்பேன். ஒளித்துப் பிடித்து விளையாடும்போது சரக்கறைக்குள் புகுந்து ஒரு மிளகுச் சாக்கின் மேல் சாய்ந்ததுதான் வினை. சாக்கு 'டொய்ங்' என்றது. எனக்கு அப்போது ஒன்பது வயது. மிளகு அப்படிப் பேசாது என்பது தெரியும்.

சத்தம் கேட்டு ஓடிவந்த சாச்சாவின் முகத்தில் ஈயாடவில்லை. "மகள், வாப்பாக்குத் தெரிஞ்சா என்னைய வெளிய போட்டுருவாங்க. ஒருத்தர்ட்டயும் சொல்லாத" என்றார். "வல்லாஹி, சொல்ல மாட்டேன்" என்று சத்தியம் செய்தேன். வீட்டில் எனக்கு ஓட்டைவாய் என்று பெயர். உம்மா பாத்திரத்தை உடைத்தால்கூட வாப்பாவுக்கு முதலில் தகவல் கொடுப்பவள் நான். அப்பேர்ப்பட்ட என்னை நம்பி ஒருவர் இரகசியத்தை ஒப்படைத்தது பெரிய பதவி கிடைத்த மாதிரி இருந்தது.

அதற்குப் பிறகு, வாப்பா ஏலக்காய் வாங்க இரத்தோட்டைக்குப் போகும் நாட்களில் சாச்சா சரக்கறைக் கதவைச் சாத்திக்கொண்டு எனக்கு வாசித்துக் காட்டுவார். கிட்டார்க் கம்பி எங்கும் கிடைக்காத காலம் அது. சைக்கிள் பிரேக் கம்பியைப் பிரித்து அதிலிருந்து ஓர் இழையை எடுத்துப் பூட்டுவார். அவர்கள் குழுவில் பாடுகிறவர் கண்டிக்காரப் பறங்கியர். அலுவிகாரையைச் சேர்ந்த சிங்களச் சகோதரர்கள் இருவர் டிரம்ஸும் மற்றக் கிட்டாரும். ஒருமுறை பத்திரிகையில் அவர்கள் படம் வந்தது. சாச்சாவின் முழங்கை மட்டும் அதில் விழுந்திருந்தது. "இது நான்தான்" என்று அந்த முழங்கையை எனக்குக் காட்டிச் சிரித்தார். எனக்கு அந்தப் பத்திரிகைக்காரன் மேல் அப்படி ஓர் ஆத்திரம் வந்தது.

ஒரு நாள் சாச்சா என்னைச் சரக்கறைக்குக் கூப்பிட்டார். "ஞாயித்துக்கெழம பகல் ரெண்டு மணிக்குக் கொழும்பு ரேடியோவுல வாசிக்கிறோம். நீ போட்டுக் கேளு. வாப்பாவும் இரிக்கணும், என்ன? எழும்பிப் போக விட்டுடாத" என்றார். கொழும்பு வியாபாரிகளுக்கு ஏலக்காயில் ஒரு பிடி மாதிரிச் சரக்குக் காட்டப் போவதாக வாப்பாவிடம் சொல்லிவிட்டுச் சனிக்கிழமையே பஸ் ஏறினார். அலுவிகாரைக்காரர்கள் கிட்டாரை முதல் நாளே கொண்டுபோயிருந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை நான் பட்ட பாடு! சோறு தின்ற கையோடு வாப்பா பள்ளிவாசல் பக்கம் போகக் கிளம்பினார். தலை வலிக்கிறது, கொஞ்சம் பக்கத்தில் இருங்கள் என்று அழுதேன். அவர் சாய்மனைக் கதிரையில் சாய்ந்தார். தலைவலிக்காரி ரேடியோவை முடுக்கியதை உம்மா ஒரு மாதிரிப் பார்த்தார்.

அறிவிப்பாளர் பாடகரின் பெயரை மட்டும் சொன்னார். இரண்டு பாட்டு போனது. வாப்பாவுக்குக் கண் சொருகியது. மூன்றாவது பாட்டின் நடுவில் மற்றதெல்லாம் அடங்க, கிட்டார் தனியாக எழும்பியது. சரக்கறையில் எத்தனையோ தடவை கேட்டதுதான். ஆனால் அன்றைக்கு அது வீடு முழுக்க நிறைந்தது. வாப்பா எழுந்து உட்கார்ந்து, பேசிக்கொண்டிருந்த உம்மாவைக் கைகாட்டி நிறுத்தினார். வாயிலிருந்த வெற்றிலையை மெல்லாமல் அப்படியே இருந்தார்.

முடிந்ததும், "யாரு இந்தப் புள்ள? பேரச் சொல்ல மாட்டேங்கிறானே" என்றார். "அவன்ட விரல்ல அல்லாஹ்ட பரக்கத் இரிக்கு. இப்பிடி ஒரு புள்ளய வளத்தவன் குடுத்து வச்சவன்."

எனக்குத் தொண்டைவரை வந்துவிட்டது. ஆனால் சத்தியம் சத்தியம்தானே? குசினிக்கு ஓடி, மிச்சமிருந்த வட்டிலப்பத்தை வாய் நிறைய அடைத்துக்கொண்டேன். "தலவலிக்கு இதுவா மருந்து?" என்று உம்மா முதுகில் ஒன்று வைத்தார். அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை.

திங்கட்கிழமை சாச்சா திரும்பி வந்தார். என்னைத் தேடி நேரே சரக்கறைக்குத்தான் வந்தார்.

"வாப்பா கேட்டாங்களா?"

வாப்பா சொன்னதை ஓர் எழுத்தும் குறையாமல், அவர் குரலிலேயே சொல்லிக் காட்டினேன். சாச்சா ஒரு சாக்கின் மேல் உட்கார்ந்துவிட்டார். "இன்னொருக்கா சொல்லு" என்றார். சொன்னேன். கண் கலங்கியிருந்தது.

"அப்ப நீ என்ன சொன்ன?"

"நானா? ஒண்டும் சொல்லல்ல, சாச்சா."

"ஒண்டுமே சொல்லல்லியா?"

"வல்லாஹி. வாயத் தொறக்கவே இல்ல."

சாச்சா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "கெட்டிக்காரி" என்று கொழும்பிலிருந்து கொண்டுவந்த டொபிப் பொட்டலத்தை என் கையில் வைத்தார். கிட்டாரைச் சாக்குக்குள் இறக்கி, சணல் கயிற்றால் வாயை இறுக்கிக் கட்டினார்.

இன்னும் ஐந்தாறு வருடம் அவர் வாசித்தார். வாப்பா மௌத்தாகும்வரை அவருக்கு விஷயம் தெரியாது. நாற்பதாம் நாள் கத்தம் ஓதி முடிந்த கையோடு சாச்சா கிட்டாரை அலுவிகாரைக்காரர்களிடம் கொடுத்துவிட்டு வந்து கடையில் உட்கார்ந்தார். இனி யாருக்குப் பயம், வீட்டிலேயே வாசியுங்களேன் என்று நான் கேட்டேன். "இனி என்னத்துக்கு மகள்?" என்றார்.

அந்தத் திங்கட்கிழமை சரக்கறையில், வாப்பாவிடம் நான் என்ன சொன்னேன் என்று அவர் இரண்டு தடவை கேட்டார். இரண்டு தடவையும் அவர் எதிர்பார்த்த பதில் 'ஒண்டும் சொல்லல்ல' என்பதுதான் என்று நினைத்தேன். வாப்பா அப்போது கடையில்தான் இருந்தார். ஏலக்காய் நிறுத்துக்கொண்டு அந்தப் பாட்டைத்தான் முணுமுணுத்துக்கொண்டிருந்தார், எங்கள் இருவருக்கும் கேட்டது. ஓடிப்போய், அது சாச்சாதான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான் இரண்டாவது டொபியைப் பிரித்தேன்.