நாற்பத்தோராம் எண் குழாய்

தொண்ணூறுகளின் கடைசியில், நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய ஆண்டு, பெங்களூரில் எங்கள் மருத்துவக் கல்லூரி ஆய்வகத்தில் ஒரு மாணவி மஞ்சள் காமாலைக்குக் காரணம் தேடிக்கொண்டிருந்தாள். ஏ, பி, சி, இ என்று பெயர் வாங்கிய கல்லீரல் வைரஸ்கள் எதுவும் இல்லாமலே சிலருக்குக் கண் மஞ்சளாகிவிடும். ஜப்பானில் அப்போதுதான் கண்டுபிடித்திருந்த டி.டி.வி. என்ற புதிய வைரஸ்தான் அதற்குக் காரணம் என்று நிறுவ வந்தவள் அவள். ஆய்வின் தலைப்பிலேயே 'காரணம்' என்ற சொல் இருந்தது. விடை தெரியுமுன் அதைத் தலைப்பில் போட்டுவிடுவது எங்கள் பக்கத்து வழக்கம்.

ஒப்பிட்டுப் பார்க்க ஆரோக்கியமானவர்களின் ரத்தமும் வேண்டும். ஆரோக்கியமானவர்கள் மருத்துவமனைக்கு வருவதில்லை என்பதால் ஆய்வக ஊழியர்களையே பிடித்தாள். கண்காணிப்பாளரான நானும் கை நீட்டினேன். ஒப்புதல் படிவத்தை முழுக்கப் படித்த பிறகு கையெழுத்திட்டவன் நான் ஒருவன்தான். அதிலிருந்த இரண்டு பிழைகளைத் திருத்தியும் கொடுத்தேன்.

எது நோயாளியின் ரத்தம், எது எங்களுடையது என்பது சோதிக்கும் அவளுக்குத் தெரியக் கூடாது. எனவே குழாய்களுக்கு எண் ஒட்டியவன் நான். நான் நாற்பத்தொன்று. பட்டியலை உறையிலிட்டு, அரக்கு வைத்து, இழுப்பறையில் பூட்டினேன்.

"அரக்கெல்லாம் எதுக்கு சார்?"

"நாளைக்கு யாராவது கேப்பாங்கம்மா."

சோதனைகள் முடிந்து உறையைப் பிரித்த அன்று, அளவுகோலை வைத்து வரிவரியாகப் பார்த்தாள். நோயாளிகள் பலரிடம் வைரஸ் இருந்தது. முகம் மலர்ந்தது. எங்கள் பகுதிக்கு வந்ததும் அளவுகோல் நின்றது.

"சார், நாப்பத்தொண்ணு நீங்கதானே?"

"ஆமா."

"உங்களுக்கும் இருக்கு சார்."

"மத்தியானம் சாப்பிடலாமா?" என்றேன். அவள் சிரிக்கவில்லை. நோயாளிகளைப் போலவே நல்லாயிருப்பவர்களிடமும் வைரஸ் இருந்தால், அது எப்படிக் காரணமாகும்? இரண்டு வருட உழைப்பு. சமர்ப்பிக்க மூன்றே மாதம்.

எங்களுக்கு ரத்தம் எடுத்த சிவாஜி நகர்க்காரர் தன் சாப்பாட்டு டப்பாவைத் தூக்கிக்கொண்டு அடுத்த மேசைக்குப் போனார். "ஸ்வல்ப தள்ளியே இருங்க சார், வீட்ல கொழந்தைங்க இருக்கு." பட்டியலில் மூன்று வரி கீழே அவரும் இருப்பதைக் காட்டினேன். டப்பா திரும்பி வந்தது.

அவளுக்கு வழிகாட்டி, ரிச்சர்ட்ஸ் டவுனிலேயே பிறந்து வளர்ந்த பேராசிரியர். முடிவுகளைப் பார்த்ததும் என்னைத்தான் கூப்பிட்டார்.

"ஏன்ரீ இது? லேபலை மாத்தி ஒட்டிட்டீங்களா?"

"முப்பத்திரண்டு வருஷத்துல ஒரு லேபல் மாறினதில்ல சார்."

"எல்லாத்துக்கும் முதல் நாள்னு ஒண்ணு உண்டு."

வலித்தது. ஆனாலும் முறைப்படி அவர் சந்தேகப்பட்டது சரிதான். நானாயிருந்தாலும் முதலில் லேபலைத்தான் சந்தேகித்திருப்பேன். மறுபடி ரத்தம் கொடுத்தோம். இம்முறை பேராசிரியரே எழுதி ஒட்டினார். ரத்தத்துக்குப் பதில் வெறும் தண்ணீர் வைத்த குழாயும் ஒன்று இருக்கும். அதில் வைரஸ் தெரிந்தால் கருவிகளில் அழுக்கு என்று அர்த்தம். தண்ணீரில் ஒன்றுமில்லை. என்னிடம் இருந்தது.

பேராசிரியர் கண்ணாடியைத் துடைத்தார். "சரிம்மா. நல்லாயிருக்கிறவங்கள விட்டுடு. நோயாளிங்கள மட்டும் வச்சு எழுது. தீசிஸ் தப்பிச்சுடும்."

அவள் எழுந்துபோய்க் கோப்பிலிருந்து ஒப்புதல் படிவத்தை எடுத்து வந்தாள். "'உங்கள் முடிவு ஆய்வில் சேர்க்கப்படும்'னு எழுதிக் கையெழுத்து வாங்கியிருக்கோம் சார். குத்தின ஊசிக்கு அந்த ஒரு வரியாவது வேணாமா?"

"அத யாரு படிச்சாங்க?"

"நான் படிச்சேன் சார்," என்றேன்.

பேராசிரியர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்போ தலைப்ப மாத்தணும். பல்கலைக்கழகத்துல ஆறு மாசம் இழுப்பான். இவளுக்கு இருக்கறது மூணு."

எந்தப் படிவம், எத்தனை நகல், எந்த மேசையில் அது தூங்கும், அந்த மேசைக்காரர் எத்தனை மணிக்குத் தேநீருக்கு எழுவார் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். பதினோரு நாளில் 'காரணம்' போய், 'பரவல்' வந்தது.

வாய்மொழித் தேர்வில், "அப்போ இந்த வைரஸ் தீங்கில்லாததா?" என்று வெளியூர்த் தேர்வாளர் மடக்கினாராம். "அப்படிச் சொல்லல சார். இதுதான் காரணம்னு சொல்ல எங்ககிட்ட ஆதாரமில்ல, அவ்வளவுதான்," என்றாளாம். தேறிவிட்டாள். பேராசிரியர் எல்லோருக்கும் மைசூர்பாகு கொடுத்தார். லேபலைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு மட்டும் இரண்டு துண்டு வந்தது.

அட்டை கட்டிய ஆய்வேட்டுப் பிரதி ஒன்றை எனக்கும் தந்தாள். பின்னிணைப்பு அட்டவணையைப் புரட்டினேன். எண் நாற்பத்தொன்று, ஆண், வயது ஐம்பத்தேழு, நோய்க்குறி இல்லை, வைரஸ் உண்டு. என்னைப் பற்றி அச்சில் வந்த ஒரே வரி அது. இரண்டு முறை படித்தேன். பிழை இல்லை.