இரண்டாவது ஊசி

கீரப்பாளையத்தில் அப்பாவும் நானும்தான். பகலில் எனக்கு அண்ணாமலை நகரில் ஜெராக்ஸ் கடை வேலை. பிளஸ் டூ தேர்வைத் தனித்தேர்வராக எழுத வீட்டிலேயே படித்து வந்தேன்.

வேதியியல் தேர்வுக்கு முந்தைய நாள் காலை, கையில் புத்தகத்தோடு அப்பாவுக்கு இன்சுலின் போடப் போனேன்.

"இப்பதானம்மா போட்ட?" என்றார்.

"போடலப்பா. சும்மா கொழப்பாத, நான் படிக்கணும்" என்று எரிந்து விழுந்தேன். அவர் சட்டையைத் தூக்கி வயிற்றைக் காட்டினார்.

அரை மணி நேரத்தில் அவருக்கு உடலெல்லாம் வியர்த்து, நினைவு தப்பிவிட்டது. அன்று காலையில்தான் காலி செய்த குப்பைக்கூடையில் இரண்டு ஊசிகள் கிடந்தன. ஆட்டோவில் சிதம்பரம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். மூன்றாம் நாள்தான் அவருக்கு என்னை அடையாளம் தெரிந்தது.

தேர்வு எழுதவில்லை. இப்போது புத்தகத்தை மூடிவிட்டுத்தான் ஊசியை எடுக்கிறேன். போட்டதும் காலண்டரில் நேரத்தைக் குறிக்கிறேன். போடும் முன், ஏற்கெனவே போட்டேனா என்று அவரிடமும் கேட்கிறேன். அவரோ, "நீ சொன்னா சரிதாம்மா" என்கிறார்.