நீக்கிய சத்தம்

பேய்க் கதை என்றதும் நள்ளிரவு, மழை, நாய் ஊளை என்று எதிர்பார்க்கிறவர்கள் இப்போதே பக்கத்தைப் புரட்டிவிடலாம். எனக்கு இது நடந்தது பட்டப்பகலில், பிற்பகல் 2.10க்கும் 3.15க்கும் இடையில். 2008ஆம் ஆண்டு, பௌர்ணமிக்கு விடுகிற போயா விடுமுறை நாள். இடம், கொழும்பு வெள்ளவத்தையில் கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கையொன்றில் மூன்றாம் மாடி பிளாட். நான் கம்பியூட்டர் படித்தவள். எங்கள் குடும்பத்தில் கம்பஸ் வாசலை மிதித்த முதல் ஆள். அப்பா மீன் சந்தையில் பெட்டி சுமக்கிறவர். இல்லாததை இருக்கிறதென்று எழுதி எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. நடந்ததை எழுதுகிறேன். அருவருப்பாக இருந்தால் அது என் குற்றமில்லை... கொஞ்சம் என் குற்றமும்தான்.

அந்த பிளாட்டில் எங்கள் கம்பனி இருந்தது. செபஸ்தியன் அண்ணை முதலாளி. லண்டனில் பத்து வருடம் இருந்துவிட்டு வந்தவர். கம்பியூட்டரில் இசை செய்கிற வெளிநாட்டுக்காரர்களுக்கு மென்பொருள் கருவிகள் செய்து இணையத்தில் விற்பதுதான் தொழில். தபேலா, றபான் மேளம், பைலா ஆட்டத் தாளம் எல்லாம் பதிவு செய்து, துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டையும் கீபோர்டின் ஒவ்வொரு கட்டையில் ஏற்றிக் கொடுப்போம். பெர்லினில் ஒருவன் கட்டையை அமுக்கினால் றபான் கேட்கும். வெட்டுவதும் துடைப்பதும் என் வேலை.

றபான் வரைக்கும் சரி. அதற்குப் பிறகுதான் அண்ணைக்கு ஒப்பாரி மேல் ஆசை வந்தது. புதிய கருவிக்கு 'லமென்ட்', அதாவது புலம்பல், என்று பெயரும் வைத்துவிட்டார்.

"ஒருத்தரிட்டையும் இல்லாத சத்தம் தங்கச்சி. ஆனா நடிக்கிற அழுகை வேண்டாம். உண்மையா அழவேணும். கீழ படி கூட்டிற மனுசி இருக்கெல்லோ? அவவின்ர பொடியனைப் பிடிச்சுக்கொண்டு போயிட்டாங்களாம். நீர் கேட்டா வருவா. உங்கட ஆக்கள்தானே?"

உங்கட ஆக்கள்! படி கூட்டுகிறவர்களும் பெட்டி சுமக்கிறவர்களும் என்று அர்த்தம். அந்த இடத்திலேயே நான் எழுந்து போயிருக்க வேண்டும். போகவில்லை. வீட்டில் என் சம்பளத்தை நம்பி மூன்று பேர்.

ஆறாயிக்காவைக் கூப்பிட்டேன். கொட்டாஞ்சேனையிலிருந்து தினமும் வந்து எங்கள் கட்டடத்தின் படிகளைத் துடைக்கிறவர். ஏழு மாதத்துக்கு முன்னர் இராணுவச் செக்பொயிண்டில் நிறுத்திய மகன் வீட்டுக்கு வரவில்லை என்று மட்டும் தெரியும். அதற்கு மேல் நான் கேட்கவில்லை. கேட்டால் என்னால் வேலை செய்ய முடியாது என்று பயம்.

"என் குரலு வெளிநாட்டுக்குப் போகுமாங்க?" என்று அவர்தான் கேட்டார்.

"போகும்க்கா."

"அங்க யாராச்சும் கேட்டு விசாரிப்பாங்களா?"

அண்ணை முந்திக்கொண்டார். "ஓம் ஓம், கேப்பினம். நீங்கள் மகனோட கதைக்கிற மாதிரிக் கதையுங்கோ."

மைக்கைப் பிடித்திருந்தது நான்.

அவர் அழுது புலம்பவில்லை. மகனிடம் கேள்வி கேட்டார். ஒரு கேள்வி கேட்பார். நிறுத்துவார். நான்கைந்து வினாடி சும்மா இருப்பார். பிறகு அடுத்தது. எங்கடா இருக்க... சாப்புட்டியாய்யா... குளுருதா... ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் பிறகு குரல் இன்னும் உடைந்துபோய் வந்தது. மொத்தம் 4 நிமிடம் 11 வினாடி. அண்ணை கட்டை விரலை உயர்த்திக் காட்டினார்.

"இடைவெளி நல்லாக் கிடக்கு. வெட்ட லேசு."

அதற்குப் பிறகு நாங்கள் செய்ததைக் கேளுங்கள். அந்த அழுகையை 61 கட்டைகளுக்குப் பிரித்தோம். கட்டையை அமுக்கிப் பிடித்தால் விடும்வரை அழுவார். அருகில் ஒரு திருகு, பூச்சியத்திலிருந்து பத்து வரைக்கும், 'துயரம்' என்று பெயர் போட்டு. வெளியிடுவதற்கு முன்னர் பரிசோதித்துப் பார்க்க நாலைந்து வெளிநாட்டுக்காரருக்கு இரண்டு மூன்று கட்டைகளை மட்டும் அனுப்பியிருந்தோம். ஒருவன் பதில் எழுதியிருந்தான்: "அழுகை அபாரம். வாய்ச் சத்தம் அதிகம். எச்சிலைக் குறைக்கவும்."

எச்சிலைக் குறைக்க வேண்டுமாம். அதற்குத்தான் அன்று போயா விடுமுறையிலும் போனேன். நாலு மணிக்குள் வெளியீட்டுப் பிரதியை ஏற்ற வேண்டும். ஜெர்மனியில் ஒரு கடைக்காரன் காத்துக்கொண்டிருந்தான்.

2.10. பிளாட்டில் நான் மட்டும். ஒழுங்கையில் ஆளில்லை. ஜன்னலை அடைத்துவிட்டு ஹெட்ஃபோனை மாட்டினேன்.

சத்தம் நீக்குகிற வேலை இப்படித்தான். பதிவில் ஆள் பேசாத ஓர் இடத்தைக் காட்டி, 'இதுதான் இரைச்சல்' என்று மென்பொருளுக்குச் சொல்ல வேண்டும். அது போல இருக்கிற எல்லாவற்றையும் முழுப் பதிவிலிருந்தும் அது துடைத்து எடுத்துவிடும். நான் முதல் கேள்விக்குப் பிறகு வந்த இடைவெளியைக் காட்டினேன். ஒரு நிமிடத்தில் வேலை முடிந்தது. குரல் கண்ணாடி போல வந்தது. மூலப் பதிவுக்கு மேலேயே சேமித்துவிட்டேன். டிஸ்கில் இடமில்லை, இரண்டு பிரதி வைக்கக் கூடாது என்பது அண்ணையின் சட்டம்.

இந்த மென்பொருளில் இன்னொரு பொத்தானும் உண்டு. துடைத்து எடுத்ததை மட்டும் கேட்கலாம். குரலிலும் கொஞ்சம் சேர்ந்து போயிருக்கிறதா என்று பார்ப்பதற்கு. எடுத்தது அழியாமல் இருக்கும், ஆனால் மென்பொருளை மூடும்வரைதான்.

2.24. அமுக்கினேன்.

ஸ்ஸ்ஸ்ஸ்... காற்றாடிச் சத்தம். ரயில் இரைச்சல். இடையில் 'நற... நற...' என்று வாய்ச் சத்தம்.

எச்சில் என்றால் வழவழப்பாகக் கேட்கும். இத்தனை மாதம் அதைத் துடைத்தே எனக்குத் தெரியும். இது காய்ந்த சத்தம். பல்லுக்கிடையில் ஏதோ அரைபடுகிற சத்தம். கருவாட்டுக் குழம்பில் மணல் கடித்தது போல. என் வாயே கூசியது.

அதுவும் அவர் பேசுகிற இடங்களில் இல்லை. பேசாத இடங்களில் மட்டும்.

2.36. மறுபடி கேட்டேன். இப்போது நறநறவுக்கு முன்னால் ஒரு மூச்சு இருந்தது. உள்ளே இழுக்கிற மூச்சு. அடைத்துக்கொண்டு... விட்டு விட்டு...

முதல் தடவை அது இருக்கவில்லை. சத்தியமாக இருக்கவில்லை.

பிறகு நாற்றம். மழை நாளில் குழி வெட்டினால் அடியிலிருந்து வருமே, புளித்த மண் வாடை. அதோடு அழுகின ஏதோ ஒன்று. மீன் சந்தை நாற்றத்தில் வளர்ந்த நானே மூக்கைப் பொத்திக்கொண்டு எங்கிருந்து என்று தேடினேன். ஜன்னலில் இல்லை. சமையல் குசினியில் இல்லை. ஹெட்ஃபோனுக்குள்ளேதான்.

காதுப் பஞ்சைத் தொட்டேன். ஈரம்.

விரலில் செம்மண்.

2.58. ஏன் மறுபடி அமுக்கினேன் என்று கேட்காதீர்கள். எனக்கே தெரியாது. இந்தத் தடவை ஆறாயிக்காவின் பதிவையும் துடைத்து எடுத்ததையும் சேர்த்து ஓடவிட்டேன்.

இடது காதில் அவர். "எங்கடா இருக்க?"

வலது காதில்... நற... நற...

"கீழ."

ஆண் குரல். இளம் குரல்.

"சாப்புட்டியாய்யா?"

"வாய் நெறைய மண்ணும்மா."

என் கை மவுஸில் ஒட்டிக்கொண்டது. நிறுத்த முடியவில்லை.

"குளுருதா?"

"இல்லம்மா... மேலயும் கீழயும் ஆளுங்க."

அவன் பதில் சொல்லியிருக்கிறான். ஒவ்வொரு கேள்விக்கும். அம்மா நிறுத்திய ஒவ்வொரு இடத்திலும். அதைத்தான் நான் 'இரைச்சல்' என்று காட்டியிருக்கிறேன். அதைத்தான் துடைத்திருக்கிறேன். மூலப் பதிவுக்கு மேலேயே சேமித்தும் விட்டேன். அவனுடைய குரல் இந்த உலகத்தில் மிச்சமிருப்பது, மூடாமல் வைத்திருந்த அந்த மென்பொருளில் மட்டும்.

3.02. 4 நிமிடம் 11 வினாடியும் ஓடிப் பதிவு முடிந்தது. திரையில் கோடு நின்றுவிட்டது.

சத்தம் நிற்கவில்லை.

நற... நற... பக்கத்தில் வந்தது. இன்னும் பக்கத்தில். என் வலது காதுக்குள் ஈரமான மூச்சு.

"அக்கா..."

நான் அசையவில்லை.

"அழிச்சிராதீங்கக்கா."

டப்!

கரண்ட் போனது. காற்றாடி நின்றது. மேசைக்குக் கீழே யூபிஎஸ் கத்தத் தொடங்கியது. பீப்... பீப்... பத்து நிமிடம் தாங்கும் என்பது அண்ணையின் கதை. அந்தப் பழைய பெட்டி நாலு நிமிடம் கூடத் தாங்காது. அது நின்றால் கம்பியூட்டர் நிற்கும். கம்பியூட்டர் நின்றால் அவன் போய்விடுவான். இரண்டாவது தடவையும்.

பஸ்ஸில் பாட்டுக் கேட்கிற சின்ன பிளேயர் என் பையில் இருந்தது. செருகினேன். துடைத்து எடுத்த இரைச்சலை அதில் ஏற்றினேன்.

நூற்றுக்கு 9 வீதம் ஏறியது.

பீப்... பீப்...

போன் அடித்தது. அண்ணை.

"தங்கச்சி, ஏத்தியாச்சோ?"

"கரண்ட் இல்லை. இருந்தாலும் ஏத்த மாட்டேன்."

"என்ன விசர்க்கதை? ஜெர்மன்காரன் நாலு மணிக்குப் பாத்துக்கொண்டிருக்கிறான்."

"அண்ணை, அதுக்குள்ள அவங்கட மகன் கதைக்கிறார்."

அண்ணை கேட்டார்:

"நல்லாக் கேக்குதோ? அப்பிடியெண்டா அதையும் வைச்சிரும். வித்தியாசமா இருக்கும்."

என் வாழ்நாளில் கேட்ட ஆக அசிங்கமான வார்த்தை அது. பேய் சொன்னதில்லை. உயிரோடிருக்கிற மனுசன் சொன்னது.

துண்டித்தேன்.

61 வீதம். பீப்பீப்பீப்... இடைவெளி குறைந்துகொண்டே வந்தது.

88.

அறையில் நாற்றம் தாங்க முடியவில்லை. என் பற்களுக்கிடையில் ஏதோ நறநறத்தது. துப்பினேன். மண்.

97.

பின்னால் நாற்காலி கிறீச்சிட்டது.

திரும்பவில்லை.

100. பிடுங்கினேன்.

திரை கறுத்தது. 3.06.

யூபிஎஸ் செத்துவிட்டது. எல்லாம் செத்துவிட்டது. ஆனால் மேசையில் கிடந்த ஹெட்ஃபோன்...

நற... நற...

படியில் இறங்கியது ஞாபகமில்லை. 3.15க்கு காலி வீதி என்கிற பெரிய தெருவில் நின்றேன். செருப்பு இல்லை. ஒரு கடைக்குழாயில் காதைக் கழுவினேன். மூன்று தடவை. மூன்று தடவையும் சிவப்பாகத்தான் தண்ணீர் போனது.

"மொக்கத நங்கீ? லே த?" என்று கடைக்காரர் கேட்டார். என்ன தங்கச்சி, இரத்தமா என்று, சிங்களத்தில். இல்லை என்று தலையாட்டினேன். அங்கேயே வாந்தி எடுத்தேன்.

அந்த பிளாட்டுக்கு நான் திரும்பிப் போகவில்லை. அண்ணை விடுவாரா? நான் துடைத்து வைத்த பதிவு டிஸ்கில் இருந்ததே. கரண்ட் வந்த கையோடு தானே ஏற்றி, அடுத்த கிழமை வெளியிட்டும் விட்டார். நன்றாக விற்றதாம். எங்கோ ஒரு கிளப்பில் ஆறாயிக்கா "சாப்புட்டியாய்யா?" என்று கேட்க, ஆட்கள் குதித்து ஆடியிருப்பார்கள். நினைத்தால் இப்போதும் சோறு இறங்காது.

மறுநாள் காலை 7.20க்கு பிளேயரை எடுத்துக்கொண்டு கொட்டாஞ்சேனைக்குப் போனேன். தோட்டம் என்கிற ஒடுக்கமான சேரிக் குடியிருப்பு. பத்து வீட்டுக்கு ஒரு குழாய். ஏணிப்படியில் ஏறினால் பலகையறை ஒன்று. ஆறாயிக்கா வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்.

உண்மையைச் சொன்னேன். விசாரிக்க யாரும் கேட்கப்போவதில்லை, அதைப் பாட்டுக்கு விற்கிறார்கள், நானும் கூட்டு என்று. அவர் திட்டவில்லை. அடிக்கவாவது அடித்திருக்கலாம். பிளேயரைத்தான் பார்த்தார்.

"இதுல என்னாங்க இருக்கு?"

"நீங்க பேசாத இடத்துல கேட்ட சத்தம்க்கா."

காதில் மாட்டிவிட்டேன். அமுக்கினேன்.

முதல் சத்தத்திலேயே நிமிர்ந்தார். முகம் மாறியது.

"எங்க நாகமணி. எங்க நாகமணிதாங்க."

கண்ணை மூடிக்கொண்டார். உதடு அசைந்தது. கேட்டார், நிறுத்தினார், தலையாட்டினார். அடுத்ததைக் கேட்டார். பக்கத்தில் ஓர் ஆள் உட்கார்ந்து கதைப்பது போல. முடிந்ததும் மறுபடி போடச் சொன்னார். எப்படிப் போடுவது என்று காட்டிக் கொடுத்துவிட்டு, பிளேயரை அங்கேயே விட்டுவிட்டுக் கீழே இறங்கினேன்.

குழாயடியில் பக்கத்து வீட்டு பலீலா ஆன்ட்டி வாளி நிரப்பிக்கொண்டிருந்தார். மேலே பார்த்தார்.

"ஆறாயி ஆரோட கதைக்கிற?"

"மகனுடைய குரல் ஆன்ட்டி. ஒரு பதிவுல இருந்தது. கேட்ட உடனே கண்டுபிடிச்சிட்டாங்க."

அவர் குழாயை மூடினார். என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

"எந்த மகன்? நாகமணியா?"

"ஓம்."

"என்ன புள்ள செல்ற நீங்க? அவன் பொறந்ததுல இரிந்தே ஊமை. காதும் கேக்காது. ஒரு சொல்லுச் சரி அவன்ட வாயால வந்தில்ல. செக்பொயிண்ட்ல ஆமிக்காரன் பேர் என்னண்டு கேட்டீக்கி... பதில் செல்ல இல்லெண்டுதானே கொண்டு போன!"