சாட்சி அலமாரி

புதுப் பெயின்ட் வாசனை அடித்தால் இன்றும் எனக்குக் காது மடல் சூடாகிவிடும். காட்டுப்பாக்கத்தில் நாங்கள் குடியிருக்கும் அடுக்ககத்தில் யாராவது கதவுக்கு வர்ணம் பூசினால் போதும், பதினோரு வயதில், திருநின்றவூரில், தகரக் கூரை போட்ட ஒரு நீளக் கூடத்தின் கடைசி வரிசையில், மூக்குக் கண்ணாடி இல்லாமல் எழுந்து நின்று, எனக்குத் தெரியாத ஒன்றைத் தெரிகிறது என்று சொன்ன அந்த ஞாயிற்றுக்கிழமை வந்து நின்றுவிடும். நான் சொன்னது பொய். அதைக் கேட்டுக்கொண்டிருந்தவர்களில் ஒருவர் ரூத் அக்கா. அடுத்த ஞாயிறே அவர் தன் சர்க்கரை ஊசியை நிறுத்தினார். என்னை நம்பித்தான் நிறுத்தினாரா என்று தெரிந்துகொள்ள எனக்கு இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது.

அந்தக் கூடத்துக்கு வெளியே பெயர்ப்பலகை கிடையாது. நாங்கள் அதை வெறுமனே "சபை" என்போம். மற்ற சபைகள் உட்பட மீதியெல்லாம் "உலகம்". பூ வைப்பது உலகம், டி.வி. உலகம், கிறிஸ்துமஸ் கேக்கும் புத்தாண்டு வாழ்த்தும்கூட உலகம். நடத்தியவரை "ஐயா" என்று அழைப்போம். எந்தத் தெருவில் வீடு பார்க்கலாம், பெண்ணை யாருக்குக் கொடுக்கலாம், பரீட்சை லீவுக்குச் சொந்த ஊருக்குப் போகலாமா என்பதெல்லாம் ஐயாவைக் கேட்டுத்தான் முடிவாகும். அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டிய என் அப்பா, ஃபோர்மேனிடம் சரிக்குச் சரி நின்று சண்டை போடுகிறவர், ஐயா முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். அவருக்கு அப்படிக் கை கட்டத் தெரியும் என்பதே எனக்கு அங்கேதான் தெரிந்தது.

நோயைப் பற்றிப் பேசுவதற்கென்று சபையில் ஒரு தனிப் பாஷை இருந்தது. தலை வலிக்கிறது என்று யாரும் சொல்லக்கூடாது; சொன்னால் வலிக்கு இடம் கொடுத்ததாகிவிடும். "சுகம் வந்துகினு கீது" என்றுதான் சொல்ல வேண்டும். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த என் அம்மாவும் மூக்கை உறிஞ்சிக்கொண்டே இதையே சொல்வார். சுகம் வராமலே போனால் யாருடைய மனசிலோ சந்தேகம் இருக்கிறது என்று பொருள், அந்த யாரோ பெரும்பாலும் வீட்டிலேயே இருப்பார். எங்கள் வீட்டில் ஒருவருக்கு இருமல் நாலு நாளைக்கு மேல் நீடித்தால் நாங்கள் ஒருவரை ஒருவர் ஓரக்கண்ணால் பார்த்துக்கொள்வோம்.

மேடைக்குப் பக்கத்தில் கண்ணாடிக் கதவு போட்ட அலமாரி ஒன்று இருந்தது. அதுதான் "சாட்சி அலமாரி". சுகம் பெற்றவர்கள் இனித் தேவையில்லை என்று விட்டுவிட்ட சாமான்களெல்லாம் அதற்குள் இருந்தன: கைத்தடி, இடுப்புக்குக் கட்டும் பட்டை, காது மெஷின், மூச்சிழுப்புக்கு உறிஞ்சும் மருந்து, பாதி கிழித்த மாத்திரை அட்டைகள். எனக்கு அது சபையிலேயே மிகவும் பிடித்த இடம். ஜெபம் நீண்டால் நான் அதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். காது மெஷினை வைத்துவிட்டுப் போன தாத்தாவிடம் ஏன் இன்னமும் எல்லோரும் கத்தியே பேசுகிறார்கள் என்று ஒருமுறை அம்மாவிடம் கேட்டு, தொடையில் நறுக்கென்று கிள்ளு வாங்கினேன்.

அரையாண்டு லீவு விட்ட வாரம் என் முறை வந்தது. எனக்கு எட்டு வயதிலிருந்தே கிட்டப்பார்வை. ஐயா என் நெற்றியில் எண்ணெய் பூசினார்; அது புருவம் தாண்டிக் கண்ணுக்குள் இறங்கி எரிந்தது. அந்த எரிச்சலே வல்லமை என்றார்கள். அவர் என் கண்ணாடியைக் கழற்றி அலமாரியில் வைத்தபோது எல்லோரும் கை தட்டினார்கள். நிஜமாகவே சுகம் கிடைக்கும் என்று நானும் நம்பினேன். தினமும் காலையில் எழுந்ததும் எதிர்வீட்டு மாடித் தண்ணீர்த் தொட்டியின் மேலுள்ள எழுத்தைப் பார்ப்பேன். அது தினமும் ஒரு நீலத் தீற்றலாகவே இருந்தது. யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் சந்தேகம் என்னுடையது என்றாகிவிடும்.

மூன்று வாரம் கழித்து ஐயா என்னைக் கடைசி வரிசையில் நிற்கச் சொல்லி, மேடைக்குப் பின்சுவரில் பெரிதாக எழுதியிருக்கும் வசனத்தைப் படிக்கச் சொன்னார். எனக்கு உள்ளூர ஒரே சந்தோஷம். ஒரு வருடமாக அதன் கீழே உட்கார்ந்திருக்கிறேன், மேய்ப்பனைப் பற்றிய வசனம், தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். கணீரென்று சொன்னேன். ஐயா ஒரு மூச்சு விடும் நேரம் பேசாமல் இருந்தார். பிறகு அல்லேலூயா என்றார். கூடம் முழுக்க ஆமென் சொன்னது. தகரக் கூரை அதிர்ந்தது.

கூட்டம் முடிந்து எண்ணெய் வாங்க மேடைப் பக்கம் போனபோதுதான் பெயின்ட் வாசனை எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தது. சுவரில் வேறு வசனம் இருந்தது. ஐயாவுக்குப் புதிதாக ஒரு வார்த்தை "வந்தால்" சுவரும் மாறும். முந்தின நாள் அப்படி மாறியிருக்கிறது. மேய்ப்பன் வசனம் போய், கர்த்தர் என் கன்மலை என்ற வசனம் வந்துவிட்டிருந்தது. நான் திரும்பிப் பார்த்தேன். அத்தனை பேருக்கும் கண் இருந்தது, அத்தனை பேரும் ஆமென் சொல்லியிருந்தார்கள். பயத்தைவிட எனக்கு அது பெரிய ஆச்சரியமாக இருந்தது.

புதன்கிழமை மத்தியானம் அம்மா என்னை ரயிலேற்றி ஆவடிக்குக் கூட்டிப்போய், ஒரு சின்னக் கடையில் கண் பரிசோதித்து, பழைய பிரேம் ஒன்றில் கண்ணாடி போட வைத்து, கையோடு வாங்கிக் கொடுத்தார். திரும்பி வரும்போது திருநின்றவூர் வருவதற்கு முன்னால் கழற்றச் சொல்லித் தன் கைப்பையில் வைத்துக்கொண்டார். பள்ளிக்கூடத்தில் மட்டும் போட்டுக்கொள்ள வேண்டும், அப்பாவுக்குக்கூடத் தெரியக்கூடாது என்றார். என் அம்மாவை அன்றைக்கு நேசித்ததுபோல் நான் என்றைக்கும் நேசித்ததில்லை.

அடுத்து வந்த ஞாயிறுதான் ரூத் அக்கா எழுந்து போய், தன் ஊசி டப்பாவை என் பழைய கண்ணாடிக்குப் பக்கத்தில் வைத்தார். பாயில் எப்போதும் அம்மாவை ஒட்டி உட்காருகிறவர், எனக்கு ஜடை பின்னிவிடுகிறவர். அம்மாவும் கை தட்டினார். நானும் தட்டினேன். சில மாதம் கழித்து அவருக்குக் காலில் புண் வந்தது. "சுகம் வந்துகினு கீது" என்றார். பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது மூன்று விரல்களை எடுக்க வேண்டியிருந்தது. மறு வருடம் நாங்கள் அம்பத்தூருக்கு வீடு மாறி, சொல்லாமல் கொள்ளாமல் சபையிலிருந்து நின்றுவிட்டோம்.

இப்போது, வெளியே வந்தவர்கள் சிலர் சேர்ந்து ஒரு வாட்ஸப் குழு வைத்திருக்கிறோம். அதற்கு "உலகம்" என்றே பெயர். போன மாதம் முதன்முறையாக நேரில் கூடினோம். ரூத் அக்காவால் அதிகம் நடக்க முடியாது என்பதால் வேப்பம்பட்டில் அவர்கள் வீட்டிலேயே கூடினோம். அக்காவின் கணவர் ஸ்டீபன் அண்ணன் பெயின்டர், சபைச் சுவரில் வசனம் எழுதியவரே அவர்தான். பஜ்ஜியும் டீயும் சுற்றி வர, அந்த ஞாயிறு நான் வசனம் சொன்னபோது என்னதான் நினைத்தீர்கள் என்று எல்லோரையும் கேட்டேன். ஒருவர், என் ஆவிக்குரிய கண்ணுக்குப் பழைய வசனம் தெரிகிறதாக்கும் என்று நினைத்தாராம். இன்னொருவர் தன் கண்தான் சரியில்லை என்று பயந்தாராம். கவனிக்காதவர் ஒருவர்கூட இல்லை. தான் ஒருவரே கவனித்ததாக ஆளாளுக்கு நினைத்திருக்கிறார்கள். சிரித்துச் சிரித்து எங்களுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

ஸ்டீபன் அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. சுவரில் எழுதியவனுக்கே தெரியாதா என்றார். அன்றைக்கு நகத்தில் ஒட்டிய பெயின்ட்கூடப் போகவில்லையாம். அப்படியிருந்தும் நான் சொன்னதை நம்பித்தான் அக்காவின் ஊசியை நிறுத்தினீர்களா என்று, இத்தனை வருடமாக விழுங்கி வைத்திருந்ததை அவரிடமே கேட்டுவிட்டேன்.

"நம்பல பாப்பா. எல்லாரும் ஆமென்னு சொல்றாங்கோ, எனக்கு மட்டும் சந்தேகம் வந்துச்சு. என் சந்தேகத்தாலதான் இவளுக்கு சக்கரை எறங்கலன்னு நெனச்சுகினேன். அதுக்குப் பரிகாரமா நான்தான் ஊசிய வெச்சுடச் சொன்னேன்."

முதலில் எனக்கு வந்தது நிம்மதி. உடனே அந்த நிம்மதிக்காக வெட்கமாக இருந்தது. ரூத் அக்கா, சர்க்கரைக்காரர்கள் போடும் தடித்த செருப்போடு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, மறுபடி எனக்குக் கண்ணாடி எப்போது வாங்கினார்கள் என்று சும்மா தெரிந்துகொள்கிறவர்போலக் கேட்டார். அந்தப் புதன்கிழமையே என்றேன். அவர் என் டம்ளரை வாங்கிக் கீழே வைத்தார்.

"நான் ஊசிய வெக்கறதுக்கு இன்னும் நாலு நாள் இருந்துச்சு. உங்கம்மா என்னாண்ட ஒரு வார்த்தை சொல்லிருக்கலாம்."

கோபமாகச் சொல்லவில்லை.

திரும்பும் வழியில் திருநின்றவூரில் இறங்கிப் போய்ப் பார்த்தேன். கூடம் இருந்த இடத்தில் நாலு மாடிக் குடியிருப்பு வந்துவிட்டது. வாசலில் ஒரு பையன் சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தான். ஐயா இறந்த பிறகு சபை இரண்டாக உடைந்து, பிறகு அதுவும் இல்லாமல் போனதாம். அலமாரி எங்கே போனது என்று யாருக்கும் தெரியவில்லை.

அம்மா இப்போது எங்களோடுதான் இருக்கிறார். அடுக்களையில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ரூத் அக்கா சொன்னதையும் மறைக்காமல் சொன்னேன். கத்தி நின்றது. என்னைப் பார்க்காமலே பேசினார்.

"அன்னிக்கு நீ முன்னால போயிட்ட, ஸ்டேஷன் வாசல்லயே ரூத் எதிர்ல வந்தா. எங்க போயிட்டு வாரீங்கக்கான்னு கேட்டா. ரேஷன் கார்டு விஷயமா போனேன்னு சொன்னேன். கண்ணாடி என் கைப்பையிலதான் இருந்துச்சு."